அப்துல் என்பது பாதிப் பெயர்

கனடாவில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் என்னை எல்லோரும் 'அப்துல்' என்றே கூப்பிட்டார்கள். அலுவலகத்தில், மருந்துக்கடையில், மகளின் பள்ளியில், எங்கும் அப்துல். முதலில் சிரித்துக்கொண்டேன், பிறகு எரிச்சல் வந்தது, கடைசியில் அதற்கு விலையே கொடுத்தேன். அரபியில் 'அப்து' என்றால் அடியான். அதன் பின்னால் ஒட்டும் 'உல்' அடுத்து வரும் சொல்லோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். அப்துல் காதர் என்றால் எல்லாம் வல்லவனின் அடியான். 'அப்துல்' என்று நிறுத்தினால் யாருடைய அடியான் என்று தெரியாமல் பெயர் அந்தரத்தில் நிற்கும். சிவனடியார் என்ற பெயரை இரண்டாக வெட்டி, அடியாரை முதல் பெயர் என்றும் சிவனைக் குடும்பப் பெயர் என்றும் யாராவது பதிவேட்டில் எழுதினால் எப்படி இருக்கும்? அதுதான் எனக்கு நடந்தது. வெட்டு விழுவதற்கு முன்பே யாராவது என்னை எச்சரித்திருந்தால் பல ஆயிரம் டாலரும் பல இரவுத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. எங்கள் ஊரில் தெருவுக்கு நான்கு அப்துல் காதர் இருப்பார்கள். பாக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானியின் மேல் உள்ள பற்று ஒரு காரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் தமிழ் வழக்கம் இன்னொரு காரணம். எனக்கும் வாப்பாவின் வாப்பா பெயர்தான். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊரே சொல்லும் வள்ளல் சீதக்காதியும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய இயற்பெயர் சேகு அப்துல் காதிர். தமிழ் நாக்கு அந்த முழுப் பெயரையும் மென்று விழுங்கி 'சீதக்காதி' ஆக்கிவிட்டது. ஆனால் விழுங்கியபோது முழுசாக விழுங்கியது, பாதியைத் துப்பவில்லை. இதை நான் பிறகு நிறைய நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் எனக்கு வைத்த பெயரும் சேகு அப்துல் காதர்தான். பள்ளியில் சேர்க்கும்போது பெயர் நீளமாக இருக்கிறது என்றோ, 'சேகு' வெறும் பட்டம் என்று நினைத்தோ அதை விட்டுவிட்டார்கள். வாப்பாவின் பெயரான செய்யது இபுராகீமிலிருந்து ஓர் இனிஷியல் சேர்ந்தது. எஸ். அப்துல் காதர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரிப் பட்டம், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் இப்படித்தான். தமிழ்நாட்டுக்குள் இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. அப்துல் கலாமுக்கே ஏ.பி.ஜே. என்ற மூன்று எழுத்துக்குள் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தகப்பனார் மூவரும் அடங்கியிருந்தார்கள். இனிஷியல் என்பது வெறும் எழுத்தில்லை, வம்சத்தை மடித்து வைத்த சிறு பெட்டி. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டியை வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குத் திறக்கத் தெரியாது.

2009இல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. "நமக்குத்தான் அது கிடையாதே, காலியாக விடுங்கள் தம்பி" என்றார் டிராவல்ஸ்காரர். நானும் விட்டேன். இருபது விநாடி வேலை. இன்றைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். யாரோ ஓர் ஏஜெண்டின் வாய்வாக்கில் நிரப்பவும் செய்யாதீர்கள். நீங்கள் அங்கே எழுதுவது உங்களோடு நிற்காது. நீங்கள் வேறொரு நாட்டில் குடியேறினால் உங்கள் பேரப்பிள்ளைகள் வகுப்பில் வருகை சொல்லப்போகும் பெயர் அது. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

2017இல் ஒன்டாரியோவில் வந்து இறங்கினேன். கனடாவின் குடியேற்றத் துறையில் ஒரு விதி உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால் இருக்கிற பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயரைக் காலியாக விடுவார்கள். ஆக நிரந்தரவாசி அட்டையில் என் குடும்பப் பெயர் 'அப்துல் காதர்', முதல் பெயர் இல்லை. வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்லவர்தான், ஆனால் அவருடைய திரை முதல் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. அப்துலை முதல் பெயராகவும் காதரைக் குடும்பப் பெயராகவும் பிரித்துத் தட்டினார். வெட்டு அங்கேதான் விழுந்தது. நானும் தலையாட்டினேன். கைப்பேசி நிறுவனம் ஒரு விதமாகவும் சம்பளப் பட்டியல் இன்னொரு விதமாகவும் எழுதின. கடன் அட்டையில் 'அப்துல் அப்துல் காதர்' என்றே வந்தது. அதைக் காட்டி நண்பர்கள் வீட்டில் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தேன், முட்டாள்தனமாக.

அமெரிக்காவுக்கு ஒரு வேலைப் பயணம் வந்தது. அவர்களுடைய விசாவில், முதல் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். கூட்டத்துக்குப் போனால் என் கழுத்தில் மாட்டிய அட்டையில் அந்த மூன்று எழுத்தும் பெரிதாக அச்சாகியிருந்தன. ஒருவர் அதை 'ஃப்னு' என்று கூட்டிப் படித்து, "அழகான பெயர், எந்த மொழி?" என்று கேட்டார்.

2019இல் மகள் பிறந்தாள். ஒன்டாரியோவில் குழந்தை பிறந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தூக்கமில்லாத கண்ணோடு அதிகாலை மூன்று மணிக்குக் கணினியில் படிவத்தைத் திறந்தேன். குழந்தையின் குடும்பப் பெயர்? நம் வழக்கப்படி என் பெயர்தான் அவளுக்கு இனிஷியல், ஆகவே என் பெயரைப் போட வேண்டும். வங்கி அட்டை மேசை மேல் கிடந்தது. அதில் குடும்பப் பெயர் 'காதர்' என்றிருந்தது. அப்படியே தட்டிவிட்டேன். ஆங்கிலத்தில் கே-ஏ-டி-இ-ஆர், ஐந்தே எழுத்து, பார்க்க லட்சணமாக இருந்தது.

என்ன செய்துவிட்டேன் என்பது சில வாரம் கழித்து உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "ஏம்ப்பா, அடியானை எங்கே விட்டாய்?" என்றார் உம்மா. காதர் என்பது அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. மூன்று கிலோ எடையுள்ள என் மகளுக்கு 'வல்லவன்' என்று பெயர் சூட்டி அரசுப் பதிவேட்டில் ஏற்றியிருந்தேன். பக்கத்துப் பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டேன். பதறத் தேவையில்லை, நிறையப் பேர் அப்படி அழைக்கப்படுகிறார்கள், ஆனாலும் முழுப் பெயராக வைப்பதுதான் அழகு என்றார். சட்டப்படி குற்றமில்லை, மார்க்கப்படியும் பெரிய பிழையில்லை என்று ஆறுதல் அடைந்தேன். ஆனால் உம்மாவின் அந்த ஒரு கேள்வி மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

குழந்தையைப் பதிவு செய்யப்போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முழுப் பெயரையும், எது எந்தக் கட்டத்தில் என்பதையும் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அந்த 30 நாள் நீங்கள் யோசிக்கும் நிலையில் இருக்கமாட்டீர்கள்.

பெயர் வேறுபாடு விமான நிலையத்திலும் வேலை காட்டியது. மகளோடு நான் மட்டும் ஊரிலிருந்து திரும்பியபோது, அவள் பாஸ்போர்ட்டில் ஒரு குடும்பப் பெயர், என்னுடையதில் வேறு. குழந்தையின் தாய் எங்கே, சம்மதக் கடிதம் எங்கே என்று நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். கேட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால் மற்றவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் இருக்கும் காக்கா, அதாவது என் அண்ணன், கதை வேறு. அவர் தன் பாஸ்போர்ட்டில் வாப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவர் இபுராகீம் குடும்பம், நான் அப்துல் காதர் குடும்பம், என் மகள் காதர் குடும்பம். 2022 நவம்பரில் உம்மாவை அங்கே அழைக்க எல்லாம் தயாராக இருந்தபோது, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்ற அறிவிப்பு வந்தது. உம்மாவுக்கு ஒற்றைப் பெயர்தான். பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்தோம், 19,000 ரூபாய் போயிற்று. சில நாளில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. உம்மாவின் பாஸ்போர்ட்டில் அது இருக்கிறது. பதறாமல் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

பெரிய அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. 2022 பிப்ரவரியில் ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டோம். 2.89 சதவீத வட்டியை 120 நாளுக்கு மாற்றமாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். கடைசி நேரச் சரிபார்ப்பில் என் கடன் வரலாறு இரண்டு கோப்பாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது. 'அப்துல்' என்ற முதல் பெயரும் 'காதர்' என்ற குடும்பப் பெயரும் கொண்ட ஒருவர். முதல் பெயரே இல்லாத 'அப்துல் காதர்' என்ற இன்னொருவர். முதலாமவரிடம் ஐந்தாண்டு ஒழுங்கான வரலாறு இருந்தது, ஆனால் அரசு அடையாள அட்டை இல்லை. இரண்டாமவரிடம் அட்டை இருந்தது, வரலாறு இல்லை. இருவரும் நானே என்று நிரூபிக்க நோட்டரி முன் உறுதிமொழி, சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதம் என்று அலைந்து, கோப்புகள் ஒன்றாவதற்குள் 120 நாளும் ஓடிவிட்டது. அந்த ஆண்டு கனடாவின் மத்திய வங்கி மார்ச்சில் 0.25 சதவீதமாக இருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி டிசம்பரில் 4.25க்குக் கொண்டுபோனது நினைவிருக்கும். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது 4.6. மாதத்துக்கு ஏறத்தாழ 430 டாலர் கூடுதல், ஐந்து ஆண்டுக்கு. பெருக்கிப் பார்த்த அன்றிரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

புதிதாகக் குடியேறியவர்கள் முதல் மாதத்திலேயே ஒன்று செய்யுங்கள். வங்கி, கைப்பேசி, வேலை இடம், மருத்துவ அட்டை, ஓட்டுநர் உரிமம் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எந்த எழுத்தில், எந்தக் கட்டத்தில், இடைவெளியோடா இல்லாமலா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு இடத்தில் வேறுபட்டால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள், கனடாவில் அது இலவசம். வீடு வாங்கப்போகும் ஆண்டில் பார்த்தால் நேரம் போதாது.

அந்த நாட்களில் தூக்கம் வராமல் என் பெயரைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அல்ஜீரியாவைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1882 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டு, அங்குள்ள முஸ்லிம்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதுவரை அவர்களும் நம்மைப்போல் இன்னாரின் மகன் இன்னார் என்றே வாழ்ந்தவர்கள். குடும்பப் பெயர் சொல்லாதவருக்கு எஸ்.என்.பி. என்ற மூன்று எழுத்தைக் குத்தினார்கள், குடும்பப் பெயர் அற்றவர் என்று பிரெஞ்சில் சுருக்கம். என் கழுத்தில் தொங்கிய ஃப்னுவுக்கு இப்படி ஒரு பாட்டன் இருந்திருக்கிறான்.

அதே பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடியவர் அமீர் அப்துல் காதிர். அவருடைய புகழ் கடல் தாண்டி, 1846இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் புதிதாக எழுந்த ஓர் ஊருக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஊரின் பெயர் எல்காதர். இன்றைக்கும் வரைபடத்தில் பார்க்கலாம். மரியாதையாக வைத்த பெயர்தான், ஆனால் அங்கேயும் அடியானை விட்டுவிட்டார்கள்! நள்ளிரவில் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். உம்மாவிடம் சொல்லலாம், உன் மகன் மட்டும் இல்லை, ஓர் ஊரே இந்தத் தவறைச் செய்திருக்கிறது என்று. கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் மட்டும் கெட்டிக்காரர், நடுவில் ஒரு சிறு கோடு போட்டு இரண்டையும் கட்டிவிட்டார். ஆனால் அந்தக் கோட்டை நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் கோடும் இடைவெளியும் ஒரே அம்புக்குறியாக மாறிவிடும். நடுவில் எதுவும் இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவதுதான் வெட்டுக்குத் தப்பும் வழி.

ஸ்கார்பரோவில் ஒரு கல்யாணத்தில் கொழும்புக்காரர் ஒருவர் தன் அட்டையைக் கொடுத்தார். குடும்பப் பெயர் காதர், ஆனால் சி-யில் தொடங்கும் எழுத்துக்கூட்டு. எந்த ஊர் என்று பேசிக்கொண்டே போனதில், அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கீழக்கரையிலிருந்து ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் போனவர் என்றார். வெள்ளைக்காரன் காலத்துக் கடை உரிமத்தில் எழுத்தர் எழுதியது அந்தச் சி. நான்கு தலைமுறையாக அவர்கள் வீட்டில் பிறக்கும் எல்லோரும் அந்த ஒரு எழுத்தரின் பேனாவைச் சுமக்கிறார்கள். மலேசியாவில் இதே பெயர் காதிர், பாகிஸ்தானியர் க்யூ போட்டு எழுதுகிறார்கள். "எங்களுக்கு இது பழகிவிட்டது, காக்கா. மாற்ற நினைத்தால் கடையின் பெயரும் மாறும்" என்று சிரித்தார். எனக்கு இன்னும் பழகவில்லை, மாற்ற நேரமும் இருக்கிறது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

ஒன்டாரியோவில் 12 மாதம் குடியிருந்தால் பெயரைச் சட்டப்படி மாற்றலாம். எனக்கு 137 டாலர், என்னோடு சேர்த்து விண்ணப்பித்ததால் மகளுக்கு 22 டாலர். தண்டர் பே ஊரிலிருக்கும் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. 2023 வசந்தத்தில் அனுப்பினேன். எந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்குவது என்று வீட்டில் நடந்த பேச்சு மட்டும் மூன்று மாதம். மரைக்காயர் என்று போடலாம் என்றார் வாப்பா. இபுராகீம் என்றால் இரண்டு குடும்பமும் ஒன்றாகும் என்றார் காக்கா. கடைசியில் என்னுடையதும் என் தாத்தாவுடையதுமான பெயரை ஒரே சொல்லாக்கி 'அப்துல்காதர்' என்று குடும்பப் பெயராக்கினேன். எனக்கு முதல் பெயர் வேண்டுமே? பள்ளியில் தொலைந்துபோன 'சேகு' திரும்பி வந்தது. மனைவி தன் வாப்பாவின் பெயரோடே இருக்கிறார், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சான்றிதழ் கைக்கு வந்தபின் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்கியது. இந்தியப் பாஸ்போர்ட்டை மாற்ற உறுதிமொழிப் பத்திரம், இரண்டு நாளிதழில் விளம்பரம். அதன்பின் நிரந்தரவாசி அட்டை, வங்கி, வரி, உரிமம். வரிசை முக்கியம். சான்றிதழை முதலில் வாங்கி, பாஸ்போர்ட்டை அடுத்து மாற்றி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நடுவில் வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய அட்டைகளின் நகலையும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப்போடாதீர்கள், பழைய பெயரில் யாராவது பத்தாண்டு கழித்தும் கேட்பார்கள். எனக்கு எல்லாம் முடியப் பதினான்கு மாதமும் தபால், நோட்டரி, விளம்பரம் சேர்த்து 700 டாலருக்கு மேலும் ஆயின. அந்த 430 டாலர் இன்னும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

பெயர் மாற்றச் சான்றிதழ் வந்தபோது மகள் பாலர் பள்ளியில் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஐந்து எழுத்தையும் அப்போதுதான் பழகி முடித்திருந்தாள், நான் போய் அதைப் பத்தாக்கினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, பென்சிலை முஷ்டியில் பிடித்து, கோடு போட்ட தாளில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் கோலிக்குண்டு அளவு. 'அப்துல்' முடிந்ததும் வரியில் இடமில்லை. கொஞ்சமும் தயங்காமல் 'காதர்' என்பதைக் கீழ் வரியில் எழுதிவிட்டு, "சரியா வாப்பா?" என்றாள். தாளை வாங்கித் திருப்பி, நீளவாட்டில் வைத்து அவளிடம் திரும்பக் கொடுத்தேன்.